பதினோரு ஜோடிக்குப் போன கதை

மற்றவர்களின் கல்யாணத்தைக் காகிதத்தில் நடத்தி வைப்பதுதான் அவளுக்கு வேலை. விசா ஏஜென்சி ஒன்றில் ஒன்பது வருடமாக ஃபாரம் நிரப்புகிறாள். வருகிறவர்கள் எல்லாரும் வயது வித்தியாசம் பார்க்காமல் அவளை 'ஃபாரம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டார். அவளும் பழக்கதோஷத்தில் "சொல்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்தக் கல்யாணத்துக்கு ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ஆபீஸ் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆபீஸ் முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. யாரோ தள்ளுவண்டியால் இடித்து அது விரிசல் விட்டுவிட்டது. மாற்றுவதற்குக் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தான். டேப்பை இழுத்தான். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலம் பார்த்தான். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான். ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது, அரை விரல் பெரியதாக. சூளையில் வைத்துப் பதப்படுத்தின கண்ணாடி அது. அதை அப்புறம் வெட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். மறுபடி அளவெடுத்துக்கொண்டு போனான். இரண்டாவது கண்ணாடி வந்தது. அது ஒரு விரல் சின்னது! மூன்றாவது முறை அவன் டேப்போடு வாசலில் வந்து நின்றபோது, அவள் கம்பெனிக்குப் புகார் எழுதி முடித்து, தேதி போடப் பேனாவைத் தூக்கியிருந்தாள்.

"உங்களுக்கு அளவெடுக்கத் தெரியுமா, தெரியாதா? முதல்ல அதச் சொல்லுங்க."

அவன் அந்தத் தாளைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"முதல் தடவை நெஜமாவே தப்பாயிடுச்சுங்க. ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான் தப்பா எடுத்தேன். இல்லேன்னா மறுபடி இங்க வர்றதுக்கு என்ன சாக்கு சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததோடு விட்டாளா? புகாரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். முப்பத்துமூன்று வயதுவரை அவளைப் பார்ப்பதற்கென்று யாரும் ஒரு சாக்கு தேடியதில்லை, பாவம். அன்று முழுக்க அவள் நிரப்பிய ஃபாரங்களில் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி மாறிப்போனதோ, யார் கண்டது.

இது அவளுடைய கதை. அவளுக்கு மட்டுமே சொந்தமான கதை. அதை அவள் என்ன செய்தாள் தெரியுமா? மூன்றே வாரத்தில் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்தாள்.

அந்த இன்னொருத்தி பேக்கரியில் பொட்டலம் கட்டுகிற பெண். அவளைக் கட்டிக்கொண்டவர் வேலை விசாவில் வந்த வெல்டர். இந்த ஊர்க்காரியைக் கல்யாணம் செய்தவர் இங்கேயே தங்க மனுப் போடலாம். ஆனால் மனுவில் ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள், உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும். முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்தில்தான் மாட்டுவார்கள்.

"எங்க பார்த்துக்கிட்டீங்க?"

"கடையிலதான்க்கா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா, கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

"நடுவுல ஒண்ணுமே நடக்கலையா?"

பேக்கரிக்காரி வெல்டரைப் பார்த்தாள். வெல்டர் கூரையைப் பார்த்தார். உண்மையான ஜோடிதான், அதில் சந்தேகமே இல்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திய விதத்திலேயே தெரிந்தது. அவர்களிடம் கதைதான் இல்லை. மறுநாள் மனுக் கொடுக்கக் கடைசி நாள். உள்ளே இருந்து முதலாளி "என்னம்மா, இன்னுமா ஒரு பக்கம் முடியல?" என்று கத்துகிறார். நம்ம ஃபாரம் அக்காவுக்கோ அந்த மூன்று வாரமாகக் கால் தரையில் படவில்லை. உலகத்தில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றுகிற காலம் அது. எழுதிவிட்டாள். பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குச் சட்டம் அடிக்க வெல்டர் வருகிறார். மூன்று தடவை அளவெடுக்கிறார். அவள் கோபித்துக்கொள்கிறாள். அவர் சொல்கிறார், "ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான்…"

முதலாளி படித்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "அடேயப்பா! இதுதாம்மா கதை. இதப் படிச்சா அந்த ஆபீசருக்கே கல்யாண ஆசை வந்துடும்."

வெல்டருக்கு விசா கிடைத்தது. பேக்கரிக்காரி இனிப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்று ஃபாரம் அக்கா நினைத்தாள்.

ஒரு வருடம் போனது. கண்ணாடிக்காரன் வாரத்துக்கு இரண்டு முறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்தான். பிறகு சாக்கு இல்லாமலே வந்தான். அவனும் வேலை விசாவில் வந்தவன்தான், வேறு நாடு. இரண்டு பேருக்கும் பேச்சு ஒன்று, பாஸ்போர்ட்டின் நிறம்தான் வேறு. அந்த நிறம்தான் இந்தக் கதையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

திடீரென்று ஒருநாள் கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அவனுடைய பெர்மிட் கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. கம்பெனி போனால் பெர்மிட்டும் போகும். பெர்மிட் போன நாளிலிருந்து முப்பது நாளுக்குள் விமானம் ஏறிவிட வேண்டும்.

கண்ணாடி சுற்றி வருகிற பழுப்புத் தாளை விரித்துப் போட்டு அவள் எழுதிக் காட்டினாள்.

"வழி மூணு இருக்கு. ஒண்ணு, முப்பது நாளைக்குள்ள வேற கம்பெனி உங்கள எடுத்துக்கணும். பழைய கம்பெனி விடுவிப்புக் கடிதம் குடுக்கணும்."

"குடுக்க மாட்டாங்க. கேட்டுப் பார்த்தாச்சு."

"ரெண்டு, கல்யாணம் பண்ணிட்டு நீங்க ஊருக்குப் போயிடணும். நான் இங்கேருந்து மனுப் போட்டுக் கூப்பிடணும். ஒன்றரை வருஷம் ஆகும், ரெண்டும் ஆகும்."

"மூணாவது?"

"இப்பவே கல்யாணம் பண்ணிட்டு இங்க இருந்தே மனுப் போடுறது. முடிவு வர்ற வரைக்கும் யாரும் உங்களத் தொட முடியாது. ஆனா நிராகரிச்சுட்டாங்கன்னா…" அவள் பேனாவை மூடினாள். "அஞ்சு வருஷத்துக்கு இந்த நாட்டுல கால் வைக்க முடியாது. பொய்யான கல்யாணம்னு ஃபைல்ல முத்திர குத்திடுவாங்க. வேற நாட்டுலயும் அதத்தான் பார்ப்பாங்க."

"நம்மளது பொய் இல்லையே" என்றான் அவன்.

"இல்லதான்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. வந்தால் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் 'விசா மாப்பிள்ளை' என்பாள்.

"ரெண்டு மாசம் பொறுத்துப் பண்ணிக்கிட்டா என்னடி? எங்க ஓடிப் போயிடப் போறாரு?"

"ரெண்டு மாசத்துல அவருக்கு விசா இருக்காதும்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அம்மா துண்டை உதறினாள்.

அம்மாவோடு அவள் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டபோது அம்மாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவள விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும்தான்.

மனுவில் மற்ற பக்கங்களை எல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினாள். அந்தக் காலிப் பக்கத்தை மட்டும் கடைசிக்கு வைத்தாள். ஆசை ஆசையாக எழுத வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரி ஆபீசுக்குள் வந்தாள். தலையில் மாவு அப்படியே ஒட்டியிருந்தது.

"அவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா."

"யாரு? எங்க? முதல்ல உட்காரு."

"விசாவப் புதுப்பிக்கப் போனோம். தனித்தனியா உட்கார வெச்சுக் கேட்டாங்க. நான் நீங்க எழுதினத அப்படியே சொன்னேன். மூணு தடவை அளவெடுத்தாருன்னு சொன்னதும் அந்த அதிகாரியம்மா சிரிச்சுட்டாங்கக்கா. 'உங்க வீட்டுக்காரருமா?'ன்னு கேட்டாங்க. அந்த 'மா' எனக்கு அப்பப் புரியல. வெளிய வந்தா அவர் இல்ல."

அவள் பேக்கரிக்காரியை அனுப்பிவிட்டு, முதலாளி வெளியே போன நேரம் பார்த்து அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். தேடிக் கண்டுபிடிக்கவே தேவையில்லை. 'கண்ணாடி மாதிரி' என்று பெயர் போட்டு மனுஷன் ஒரு தனிக் கோப்பே வைத்திருந்தார்! அதற்குள் பதினோரு மனு. ஒன்றில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒன்றில் மீன் தொட்டி. ஒன்றில் தையல்காரர் மூன்று தடவை ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறார், அதைப் படித்தபோது அவளுக்குக் கூசியது. ஆள் மாறியிருந்தது, தொழில் மாறியிருந்தது. 'இரண்டாவது முறை தெரிந்தே தவறாக எடுத்தேன்' என்ற வாக்கியம் மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் பதினோரு இடத்திலும் இருந்தது.

முதலாளி வந்ததும் கேட்டே விட்டாள்.

"நான் ஒருத்தருக்கு எழுதினத எதுக்கு சார் எல்லாருக்கும் போட்டீங்க?"

"நல்லா இருந்துச்சு, போட்டேன். நீ சம்பளத்துக்கு எழுதினதுதானேம்மா, உன் வீட்டுச் சொத்தா அது?"

அது அவள் வீட்டுச் சொத்துதான். சொன்னால் அந்த ஆளுக்குப் புரியவா போகிறது?

"அந்த வெல்டரப் பிடிச்சுட்டாங்க சார்."

முதலாளி கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. எவன் எந்தக் கேள்வி கேட்டாலும், ஜோடிங்க சொன்னத நாம எழுதினோம், அவ்வளவுதான். நீ வாயத் திறந்தேன்னா அந்தப் பதினோரு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சுடும். அதுக்கப்புறம் எழுதின கை யாரோடதுன்னு கேப்பாங்க. உன் வீட்டுக்காரரோட மனுவும் நம்ம ஆபீஸ்லேருந்துதானே போகுது? யோசிச்சுக்கோ."

அவர் மிரட்டவே இல்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்காரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முதலில் சிரித்தான். "மீன் தொட்டியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். சிரிப்பு நின்றதும் கேட்டான்.

"நம்மள எதுக்குடி அவங்களுக்குக் குடுத்த?"

"அப்ப நாம கல்யாணம் வரைக்கும் போவோம்னு எனக்குத் தெரியாதுங்க. சந்தோஷத்துல எழுதிட்டேன். மன்னிச்சுடுங்க."

"சரி விடு. நடந்தத நடந்த மாதிரியே எழுதுவோம். நம்மளது நெஜம்தானே?"

"பன்னெண்டாவதா வர்ற நெஜத்த யாருங்க நம்புவாங்க?"

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாக உட்கார வேண்டியவள் திருடியைப் போல உட்கார்ந்து ஒரு பொய்யை எழுதினாள். பஸ் நிறுத்தம். அவள் பையின் வார் அறுந்துவிடுகிறது. கண்ணாடிக்காரன் பாக்கெட்டிலிருந்து கம்பி எடுத்துக் கட்டிக் கொடுக்கிறான். சாதாரணக் கதை, யாருக்கும் நடக்கக்கூடியது. ஆபீஸ் முத்திரை வாங்கி அனுப்பிவிட்டாள். நேர்காணலுக்கு ஏழு வாரத்தில் தேதி வந்தது.

ஏழு வாரமும் தினம் காலையில் காபி குடிக்கும்போது ஒத்திகை நடக்கும். முதலில் அவன் படுமோசம். "என்ன நிறப் பை?" என்றால் விழிப்பான். "அடக் கடவுளே, பச்சைங்க, பச்சை!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். மூன்றாம் வாரம் தட்டுத் தடுமாறி வந்தது. ஐந்தாம் வாரம் அவனாகவே கதையில் சேர்க்க ஆரம்பித்துவிட்டான்.

"அன்னைக்கு லேசாத் தூறல் போட்டுச்சு. இவ குடைய விரிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு நின்னா. எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு" என்று ஒருநாள் சொன்னான். கண்ணில் ஒரு ஈரம். குரலில் ஒரு நடுக்கம். யார் கேட்டாலும் நம்பிவிடுவார்கள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தூறல் நான் எழுதலையே."

"நானே போட்டேன். எப்படி?"

"இவ்வளவு நல்லாப் பொய் சொல்ல எங்க கத்துக்கிட்டீங்க?"

"நல்லாருக்கே! நீதானே ஒரு மாசமாச் சொல்லிக் குடுக்குற."

உண்மைதான். அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. அவன் "சாப்பாடு நல்லாருக்கு" என்றால் முகத்தைப் பார்த்தாள். "லேட்டாயிடும்" என்று போனில் சொன்னால் குரலைக் கவனித்தாள். தூறல் இல்லாத இடத்தில் தூறலைக் கொண்டுவருகிறவன் வேறு எதையெல்லாம் கொண்டுவந்திருப்பான்? கேட்கவும் முடியாது. கேட்டால் அவன் சொல்கிற பதிலை நம்புவதா என்று அடுத்த கேள்வி வரும். அம்மா வேறு ஒன்றும் பேசாமல் அவர்கள் ஒத்திகையைக் கதவோரமாக நின்று கேட்டுவிட்டுப் போவாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

நேர்காணல் அன்று இருவரையும் தனித்தனியாக அழைத்தார்கள். முதலில் அவனை. அவள் நீண்ட வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், ஒன்பது வருட அனுபவம். அரை மணி போனது. ஒரு மணி ஆனது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் முடித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒன்றே கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்து அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவனை வேறு வழியாக அனுப்பிவிட்டார்களாம்.

உள்ளே அதிகாரியம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடுமையான ஜலதோஷம். மேஜைமேல் ஃபைல்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது அவளுடையது. அடியில் இருந்தவற்றை அவள் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை.

"எப்படிச் சந்திச்சீங்க?"

அவள் சொன்னாள். பஸ் நிறுத்தம், பை, வார், கம்பி. அழகாக, கோர்வையாகச் சொன்னாள். அதிகாரியம்மா குறுக்கே பேசவே இல்லை. முடிந்ததும் மனுவின் முதல் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். கணவரின் தொழில்: கண்ணாடி பொருத்துபவர். அதற்குக் கீழே இன்னொரு கட்டம். மனைவியின் பணியிடம்: அவளுடைய ஏஜென்சியின் பெயர்.

"பதினோரு அளவெடுத்த கதை இங்க இருக்கும்மா, முக்கால்வாசி கண்ணாடி. எல்லாம் ஒரே ஆபீஸ்லேருந்து வந்தது. இது எங்கேருந்து வந்துச்சுன்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன். அந்த ஆபீஸ்ல ஃபாரம் எழுதுற பொண்ணு ஒரு கண்ணாடிக்காரரக் கட்டிக்கிட்டு, பை அறுந்த கதை எழுதிட்டு வருது. நான் என்னன்னு நினைக்கிறது?"

ஒன்பது வருடம் மற்றவர்களுடைய ஃபாரத்தில் முற்றுப்புள்ளி வரைக்கும் சரிபார்த்தவள், தன் ஃபாரத்தில் கதையை ஒளித்து வைத்துவிட்டுத் தொழிலை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாள். சே! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று தடவை அளவெடுத்தது, புகாரைக் கிழித்தது, பேக்கரிக்காரிக்காக எழுதியது, முதலாளி பதினோரு பேருக்கு ஓட்டியது.

"பேக்கரிக்காரியும் வெல்டரும் நெஜமான ஜோடிம்மா. அவங்கள விட்டுடுங்க. எழுதினது நான்தான். என் கைதான்."

"அவங்க ஃபைல மறுபடி பார்க்குறேன்" என்றார் அதிகாரியம்மா. "உங்க ஆபீஸ் விஷயம் தனியா நடக்கும். அது வேற. இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயத்தப் பேசுவோம். அவரும் முதல்ல பஸ் நிறுத்தம்தான் சொன்னாரு. தூறல் எல்லாம் சொன்னாரு, நல்லாவே சொன்னாரு. அப்புறம் இந்தப் பதினொண்ணையும் முன்னாடி வெச்சேன். ஆடிப் போயிட்டாரு. 'இதெல்லாம் எங்களோடதுங்க'ன்னாரு. நிரூபிங்கன்னேன். அதுக்கு அவர் சொன்னத எழுதி வெச்சிருக்கேன், படிக்கிறேன்."

அவர் தாளைத் தூக்கிப் பிடித்து, அடைத்த மூக்கோடு படித்தார்.

"'ரெண்டாவது தடவையும் எனக்கு நெஜமாவே தப்பாத்தான் போச்சு. எனக்கு அந்த வேலை அப்பப் புதுசு. இன்னொரு புகார் வந்தா பெர்மிட்ட ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்னு அன்னைக்குக் காலைலதான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தாரு. அந்தப் பொண்ணு கையில புகார் இருந்துச்சு. பயத்துல வாய்க்கு வந்ததச் சொன்னேன். சிரிச்சுட்டாங்க, கிழிச்சுட்டாங்க. இது அந்தப் பதினோரு பேருக்கும் தெரியாது. என் பெண்டாட்டிக்கும் தெரியாது.'"

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"இத நான் நம்புறேன்" என்றார் அதிகாரியம்மா. "பொய் சொல்ல வந்தவன் தன்னையே இப்படிக் காட்டிக்குடுக்க மாட்டான். அந்தக் கண்ணாடி விஷயம் நடந்துதான் இருக்கு. ஆனா ஒரே ஒரு கேள்வி பாக்கி. அவர்கிட்டக் கேட்டுப் பிரயோஜனமில்ல, உங்ககிட்டத்தான் கேக்கணும். முதல் நாள் பெர்மிட்டுக்குப் பயந்து பேசினாரு. கடைசில பெர்மிட் போகப்போகுதுன்னதும் கல்யாணம். நடுவுல ஒரு வருஷம் வந்து போனாரே, அது உங்களுக்காகவா, பெர்மிட்டுக்காகவா? கூட வாழ்றவங்க நீங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

இதைப்போலச் சுலபமான கேள்வி கிடையாது. எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்: அந்த மாதிரிக் கேட்டா யோசிக்காதீங்க, பட்டுனு சொல்லுங்க. எனக்காகத்தான். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவன் இங்கே இருப்பான். சொல்லாவிட்டால் ஐந்து வருடம்.

அவள் அந்த ஒரு வருடத்துக்குள் ஓடிப்போய்த் தேடினாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்காகத்தான். இல்லை, அந்த வாரம்தான் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று முதன்முதலில் பேச்சு அடிபட்டது. அம்மாவின் அறைக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தான். அதுவும் எனக்காகத்தான். அம்மாவின் சாட்சிக் கையெழுத்து தேவைப்படும் என்று அப்போதே தெரிந்திருக்குமோ? பதிவாளர் ஆபீசில் அவன் கண் கலங்கியதே! தூறல் கதை சொன்னபோதும்தானே கலங்கியது. சீ, என்ன புத்தி இது, சொல்லுடி, சொல்லித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

அதிகாரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. மூக்கைத் துடைத்தார், காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"எனக்காகத்தான்!" என்று அவள் கத்தினாள். "எனக்காகத்தாம்மா வந்தாரு. எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். எழுதாதீங்கம்மா!"

"எழுதிட்டேன்மா" என்றார் அவர். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "முடிவு தபால்ல வரும்."

வெளிக்கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்காரன் நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய தெளிவு. அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு விஷயம் உன்கிட்டயும் சொன்னதில்ல, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன், திட்டக் கூடாது. ஆனா அந்தம்மா நம்பிட்டாங்க, அவங்க முகத்தப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு. உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"நீங்க எனக்காக வந்தீங்களான்னு கேட்டாங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஏழு வாரத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தான்.

"அவ்வளவுதானா? அதுக்கா உள்ள இவ்வளவு நேரம்? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்."

அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க முன்னால் நடந்தான்.